லோகநாயகி போட்ட ஒப்பனை

ஏரி நடுவே, பசியாவரம் தீவில் இருந்த அந்த வீட்டில் வித்யா முதலில் கவனித்தது, அங்கே ஒரு கண்ணாடிகூட இல்லை என்பதைத்தான். சுவர் நிறையக் கறுப்பு வெள்ளைப் படங்கள். எல்லாவற்றிலும் பழைய நடிகை லோகநாயகி: வில்லாக மெலிந்த புருவம், காதோரம் வரை இழுத்த மை, பாதி முகத்தில் விளக்கொளி, மீதியில் இருட்டு. அறுபதுகளின் அந்த அலங்காரத்தைப் பற்றிப் புத்தகம் எழுதத்தான் சென்னையிலிருந்து கிளம்பி ஏரியைக் கடந்து வந்திருந்தாள். நடிப்பை விட்டுப் பிறந்த ஊருக்கே திரும்பிவிட்ட லோகநாயகிக்கு எண்பது தாண்டிவிட்டது. இன்றும் முழு ஒப்பனையோடுதான் எதிரே நின்றார்.

"கண்ணாடி இல்லாம எப்பிடிம்மா மை போட்டுக்கறீங்க?"

"எங்க போட்டுக்கறேன்? அப்போ ஒரு தபா போட்டதுதான். உக்காரு, உனக்குப் போட்டுக் காட்றேன்."

வாடைக்காற்று தணியாமல் படகு எடுக்க முடியாதென்று படகுக்காரர் சொல்லியிருந்தார். வித்யா உட்கார்ந்தாள்.

ஜன்னல் கதவுகள் சட்டத்தில் மோதி மோதி அடங்க, ஏரிச் சேற்றின் வாடையும் பழைய ரோஸ் பவுடரின் மணமும் ஒன்றாகக் கலந்து தொண்டையில் இறங்க, கிழவியின் குளிர்ந்த விரல்கள் குழைத்த பூச்சை நெற்றியிலிருந்து கழுத்துவரை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டே வந்தன. பூச்சு காய்ந்தது. காயக் காயத் தோல் இறுகியது.

"போதும்மா, எரியுது."

"அசையாத. க்ளோசப்ல மூஞ்சி அசையக் கூடாதுன்னாங்க. அசையல. அப்பறம் அசையவே இல்ல."

வித்யா அவரைப் பார்த்தாள். பேசும்போது அந்த உதடுகள் அசையவில்லை.

எழுந்து ஓடினாள். கதவை இழுத்தாள். பூட்டியிருந்தது. படகுக்காரரைக் கூப்பிடப் பார்த்தாள்.

வாய் திறக்கவில்லை.

கன்னத்தைப் பிறாண்டினாள். நகம் பீங்கானில் வழுக்குவதுபோல வழுக்கியது. வலி இல்லை. இமை மூடவில்லை.

"இன்னா பண்ண சொல்றம்மா?" பின்னாலிருந்து குரல். "வேற ஒருத்திக்குப் போட்டாதான் எனக்குக் கழலும்."

திரும்பினாள்.

லோகநாயகி தாடையோரம் நகத்தைக் கொடுத்து நெம்பினார். புருவம், மை, உதடு. முழு முகமும் ஒரே தகடாகக் கையோடு வந்தது.

உள்ளே ஒரு பெண். இருபது வயது. வெயிலே படாத தோல், ஈரமாக, வெளுத்து.

அந்த வாய் திறந்தது. அத்தனை வருஷமும் அடைபட்டுக் கிடந்த அலறல் வெளியே வந்தது. வந்துகொண்டே இருந்தது.

வித்யாவும் அலறினாள். உள்ளேயே.