அரக்கனின் வயிற்றுச் சத்தம்

நான்கு மணி நேரம். இருபத்து மூன்று நிமிடம் ஓடும் ஓர் அனிமே கார்ட்டூன் கதைக்குக் குரல் கொடுக்க, டோக்கியோவின் அந்தச் சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில் கிடைக்கும் நேரம் அவ்வளவுதான். அதில் மூன்றரை மணி நேரம் போய்விட்டது. ஒரே ஒரு காட்சி மீதி இருந்தது.

திரையில் ஒரு பாலம். ஊர்மக்கள் அக்கரைக்கு ஓடுகிறார்கள். அவர்களைக் காக்க மூன்று வீரர்கள் அரக்கனை மறித்து நிற்கிறார்கள். இருவர் விழுந்துவிட்டார்கள். மூன்றாமவரின் வாள் உடைந்துவிட்டது. அப்போது கூட்டத்திலிருந்து ஒரு சிறுமி திரும்பி நின்று கத்துகிறாள்:

"போதும்! உன் வீட்டுக்குப் போ!"

அந்தச் சிறுமியின் குரல் மினோரியுடையது. அவளுக்கு ஒன்பது வயது. பார்த்தால் ஏழு என்பார்கள். இந்தக் கதையில் அவளுக்கு இருந்தது இந்த ஒரு வசனம்தான்.

அரக்கனின் குரல் உகாகி சாருடையது. நரைத்த தலை, பெரிய உடம்பு. கூடத்துக்குள் நுழைந்ததும், "எல்லாரும் சாப்பிட்டாச்சா?" என்று கேட்பது அவர் வழக்கம். வெறும் வயிற்றின் உறுமலைக்கூட அந்த மைக்குகள் பிடித்துவிடும். அதனால் சாப்பிடாமல் யாரும் அங்கே வருவதில்லை.

இன்று அவர் அப்படிக் கேட்கவில்லை. கறுப்பு உறைக்குள் இருந்த கோட் ஒன்றை மூலையில் மாட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

சிவப்பு விளக்கு எரிந்தது. மினோரி மைக்குக்கு முன்னால் வந்தாள். பக்கத்து மைக்கில் உகாகி சார். பின்னால் ஊர்மக்களாக அலறுவதற்கு ஆறு பேர்.

"போதும்! உன் வீட்டுக்குப் போ!"

இப்போது அரக்கன் அசையாமல் நிற்க வேண்டும். அதன் பிறகு மெதுவாகச் சிரிக்க வேண்டும்.

அந்த அமைதியில் ஒரு சத்தம் கேட்டது.

குர்ர்ர்ர்...

"நிறுத்துங்க!" கண்ணாடிக்கு அப்பால் இருந்த ஒலி இயக்குநர் தெஷிமாவின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. "யாரோட வயிறு அது? சரி, மறுபடியும்."

மறுபடியும் எடுத்தார்கள். மறுபடியும் அதே இடத்தில், குர்ர்ர்ர்...

மூன்றாம் முறையும் கேட்டதும் தெஷிமா எழுந்து நின்றுவிட்டார்.

"பின்வரிசையிலதான் யாரோ. சகுமா, நீ இன்னைக்குத்தானே முதல் தடவையா வர்ற? சாப்பிட்டு வரணும்னு உனக்கு யாரும் சொல்லலையா?"

சகுமாவின் முகம் வெளுத்தது. "சாப்பிட்டேன் சார். ரெண்டு வாழைப்பழம்..."

"பத்தலை போலிருக்கு. இன்னொரு தடவை கேட்டா நீ வெளியில இருக்க வேண்டியதுதான். அடுத்த வாரத்துக்கு வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

சகுமா தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் தங்கள் காலணிகளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அது சகுமா அக்காவின் வயிறு இல்லை. மினோரிக்கு அது நன்றாகத் தெரியும். மற்றவர்களின் காது எங்கோ மேலே இருந்தது. அவளுடைய காது மட்டும் உகாகி சாரின் வயிற்றுக்கு நேராக இருந்தது.

ஆனால் அதை எப்படிச் சொல்வது? இத்தனை பேருக்கு முன்னால், அவ்வளவு பெரிய மனிதரை?

அவள் நிமிர்ந்து பார்த்தாள். உகாகி சார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே நடந்தது எதுவும் அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

மினோரி கையைத் தூக்கினாள்.

"சார், எனக்குப் பசிக்குது."

எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அவள் சொன்னது பொய் இல்லை. கொஞ்சம் பசி இருக்கத்தான் செய்தது.

"ஓகோ, நீதானா அது?" தெஷிமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இத்தனூண்டு வயித்துக்குள்ள புலியா வளர்க்கிற? போ, அஞ்சு நிமிஷம். சகுமா, தப்பா நினைச்சுக்காதேம்மா."

சகுமா மூச்சு விட்டாள்.

நடைவழியில் உகாகி சார் தனியாக நின்றிருந்தார். மினோரி பையிலிருந்து இரண்டு சோற்று உருண்டைகளை எடுத்தாள். இரண்டுக்குள்ளும் புளிப்பான உமேப் பழ ஊறுகாய். ஒன்றை அவரிடம் நீட்டினாள்.

"எனக்கு எதுக்கும்மா?"

"என் காது உங்க வயிறு உயரத்துலதான் சார் இருக்கு."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். மெல்ல உருண்டையை வாங்கிக்கொண்டார்.

"அப்போ அது நானா? எனக்குக் கேட்கவே இல்லையே."

"மூணு தடவையும் நீங்கதான் சார்."

முதல் வாயைக் கடித்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். வெகுநேரம் மென்றார்.

"எங்க வீட்டு ஊறுகாய் மாதிரியே இருக்கு" என்றார்.

"புளிப்பா?"

"பயங்கரப் புளிப்பு."

ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். உள்ளே வந்ததும் கண்ணாடியைப் பார்த்து நின்றார்.

"தெஷிமா, அந்தச் சத்தம் குழந்தையோடதில்ல. சகுமாவும் இல்ல. என்னோட வயிறுதான். நேத்து மத்தியானத்துக்கு அப்புறம் சாப்பிடலை."

"நீங்களா!" என்றார் தெஷிமா.

உகாகி சார் பின்வரிசையைப் பார்த்துத் தலை தாழ்த்தினார். பிறகு மினோரியிடம் குனிந்தார். "மூணு தடவையும் கொஞ்சம் மெதுவாத்தான் கத்தினே. இந்த அரக்கன் நிஜமாவே கிளம்பிப் போகணும். அப்படிக் கத்து. பாவம் பார்க்காதே."

சிவப்பு விளக்கு எரிந்தது.

மினோரி அடிவயிற்றிலிருந்து கத்தினாள். "போதும்! உன் வீட்டுக்குப் போ!"

அமைதி. யார் வயிறும் உறுமவில்லை.

பிறகு அந்தச் சிரிப்பு வந்தது. அடியாழத்திலிருந்து எழுந்து, பெரிதாகி, கடைசியில் கொஞ்சம் உடைந்தது. மினோரியின் கை மயிர் சிலிர்த்தது. பின்னால் ஊர்மக்களின் அலறல் கேட்டது. அவர்களுடைய பயம் நடிப்பாகத் தெரியவில்லை.

விளக்கு அணைந்தது.

"முடிஞ்சது" என்றார் தெஷிமா தாழ்ந்த குரலில். "இதுக்கு மேல எடுக்க வேண்டாம்."

உகாகி சார் மூலைக்குப் போய், கறுப்பு உறையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"எங்க சார் போறீங்க?" என்றாள் மினோரி.

"நீதானே சொன்னே? வீட்டுக்குத்தான்."

கதவருகே நின்று எல்லாரையும் பார்த்து ஆழமாகக் குனிந்து வணங்கினார்.

"வந்ததும் சொல்லியிருக்கணும். சொல்லியிருந்தா, நீங்க யாரும் என்னைப் பார்த்து அப்படிக் கத்தியிருக்க மாட்டீங்க. அதான் சொல்லலை." அவர் மினோரியைப் பார்த்தார். "இன்னைக்கு விடியற்காலையில எங்க அம்மா இறந்துட்டாங்க."