எண்பது கிலோ ரகசியம்

ட்ரிங்... ட்ரிங்...

மலேசிய மலையூரான ரிங்லெட்டின் பேங்க் கிளையில் ரஞ்சிதம் ரிசீவரை எடுத்தாள். அவள் அங்கே குமாஸ்தா. மாதக் குப்பை அறிக்கையில் கையெழுத்து அவளுடையது.

"எண்பது கிலோ காகிதம் எங்கம்மா?"

கோலாலம்பூர் தலைமையகம்!

அது 1986. தலைமையகத்துக்குத் திடீரென்று சுற்றுச்சூழல் மேல் பாசம் பொங்கிவிட்டது. கிளைகளெல்லாம் குப்பையை எடை போட்டு எழுதி, குறைக்கவும் வேண்டும். ரிங்லெட்டில் பழைய வாடிக்கையாளர் தாள்களைக் கிழித்து, சாக்கில் கட்டி, எரிப்பதற்குத் தேயிலை ஃபேக்டரிக்கு லோரியில் அனுப்புவார்கள். பேங்கிலிருந்து புறப்பட்டது நானூறு கிலோ. ஃபேக்டரி எடைச்சீட்டிலோ முந்நூற்று இருபது!

கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதைதான்.

மறுநாள் காலையே விசாரணை அதிகாரி சிவசாமி வந்து இறங்கினார். குளிருக்கு இரண்டு கோட் போட்டிருந்தார்.

"வாடிக்கையாளர் ரகசியத்தை யாருக்கு வித்தீங்க?"

"ஐயோ, நான் விக்கலை சார். நாப்பது சாக்கு, சாக்குக்குப் பத்து கிலோ. நானே நிறுத்தேன்."

"சாயங்காலத்துக்குள்ள காகிதம் வரணும். இல்லேன்னா உங்க வேலை போச்சு. அப்புறம் போலீஸ்."

"ஃபேக்டரித் தராசைப் பாத்துடலாம் சார்," என்றாள் ரஞ்சிதம்.

இருவரும் ஃபேக்டரிக்குப் போனார்கள். தராசருகே கருப்பையா கங்காணி. முப்பது வருஷமாகக் கொழுந்து நிறுத்த கை.

"தராசு சரியாய்யா?" சிவசாமி கோட்டுகளைக் கழற்றிவிட்டு ஏறி நின்றார்.

கங்காணி முள்ளைப் பார்த்தார். "எழுபது."

"பொய்யி. நான் எழுபத்திரெண்டு."

"முள்ளும் அதான் சொல்லுது. ரெண்டு கிலோ கழிச்சேன்."

"எதுக்கு?"

"கூடைக்கு ஒண்ணு, மழைத் தண்ணிக்கு ஒண்ணு. இந்தத் தராசுல எது ஏறுனாலும் கழிப்போம்லா. வெள்ளைக்காரத் துரை காலத்துப் பழக்கம்."

"சாக்குக்கு ரெண்டு கிலோ... நாப்பது சாக்கு..." ரஞ்சிதம் விரல் விட்டு எண்ணினாள். "எண்பது, சார்!"

போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு.

சிவசாமி ஃபேக்டரி ஆபீசிலிருந்து தலைமையகத்துக்கு ஃபோன் போட்டார். வெகுநேரம் "சரிங்க... சரிங்க..." என்றார். திரும்பி வந்தபோது முகமே வேறாக இருந்தது.

"அறிக்கையில முந்நூத்தி இருபதுன்னே இருக்கட்டுமாம். குப்பையில இருபது சதவீதம் குறைச்ச ஒரே கிளை நம்மளுதாம். உங்களுக்குக் கேடயம் தராங்க."

"சார்... அது பொய்யாச்சே?"

"பொய் இல்லம்மா. அறிக்கை."

கருப்பையா காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார்.

"அப்போ அடுத்த மாசம் சாக்குக்கு மூணு கிலோ கழிக்கட்டுமா?"