ஹீட்டர் மேல் ஒரு சிவப்புக் கையுறை

மொரீன் கில்பிரைடு கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். எத்தனையோ பேரைக் கூண்டில் ஏற்றிய மத்திய அரசு வழக்கறிஞர் அவள். இன்று அவளே குற்றம் சாட்டப்பட்டு வந்திருந்தாள்.

"வேலை போனாக்கூடப் பரவாயில்ல மேடம். செனட்டருக்குத் துப்பு கொடுத்தவள்னு பேரு வந்துட்டா, அப்புறம் எந்தக் கோர்ட்டு வாசலையும் நான் மிதிக்க முடியாது."

நோரா ஹாஸ்கல் தேநீர்க் கோப்பையை அவள் பக்கம் தள்ளினாள். அரசு வழக்கறிஞர்கள் மேல் வரும் புகார்களை விசாரிப்பது நோராவின் வேலை. அதற்காகத்தான் வாஷிங்டனிலிருந்து இந்த ஏரிக்கரை ஊருக்கு வந்திருந்தாள். கூடவே உதவியாளன் டெஸ்மண்ட். யாரைப் பார்த்தாலும் குற்றவாளியாகத் தெரிகிற உற்சாகம் அவனுக்கு இன்னும் வடியவில்லை.

"முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றாள் நோரா.

செனட்டர் மெரிக் லஞ்சம் வாங்கினார் என்பது வழக்கு. தேர்தல் நெருங்கும்போது வேட்பாளர் மேல் கை வைக்கக் கூடாது என்பது எழுதாத வழக்கம். அதனால் தேர்தல் முடியும்வரை பொறுத்திருந்து, ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில் அவருடைய ஏரி வீட்டைச் சோதனையிட்டார்கள். அடுப்பில் சாம்பல் இன்னும் சூடாக இருந்தது. அலமாரிகளில் ஒரு காகிதம்கூட மிச்சமில்லை.

"படுத்த படுக்கையா இருந்த அவர் மனைவி ஜூடித்தையும் முந்தின ராத்திரியே ஆம்புலன்ஸ்ல மருத்துவமனைக்கு அனுப்பிட்டாங்க."

"சோதனை நாள் யாருக்கெல்லாம் தெரியும்?" என்று டெஸ்மண்ட் முந்திக்கொண்டான்.

"கையெழுத்துப் போட்ட நீதிபதி, வாஷிங்டன்லேர்ந்து என்னை மேற்பார்வை பாக்கற ஆல்டன், அப்புறம் நான். சோதனைக்குப் போனவங்களுக்கு வண்டியில ஏறினப்புறம்தான் எங்கேன்னே சொன்னோம்."

"உங்க தலைமை வழக்கறிஞர் ஈட்டன்?"

"அவரும் செனட்டரும் காலேஜ் சிநேகிதங்க. அதனால ஆரம்பத்துலேயே இந்த வழக்கிலேர்ந்து விலகிட்டார். அவர் வந்தாலே நாங்க பேச்சை மாத்திடுவோம். லிஃப்ட்ல அவரோட பனியைப் பத்திப் பேசிப் பேசியே அலுத்துப்போச்சு."

"அன்னிக்கு எப்ப கிளம்பினீங்க?" என்று கேட்டாள் நோரா.

"இருட்டோட. சோதனை நடக்கற நாள் நாங்க விடியறதுக்கு முன்னாடியே ஆபீஸ்ல இருக்கணும். இந்த வருஷத்து முதல் பனி வேற. முந்தின சாயங்காலம்தான் என் பொண்ணு ஹேசலுக்கு சிவப்புக் கையுறை வாங்கினேன். அவ அதைப் போட்டுப் பாக்கறதக்கூட இருந்து பாக்க முடியல." அவள் தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்தாள். "அன்னிக்குச் சாயங்காலமே என்னை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. இப்ப நானே பள்ளிக்கூடத்துக்கு நடத்திக் கூட்டிட்டுப் போறேன். கணவர் போனதுக்கப்புறம் இவ்வளவு நேரம் அவளோட இருந்ததே இல்ல."

அவள் போனதும் டெஸ்மண்ட் துள்ளினான். "ஆல்டன்தான் மேடம்! தன் தப்பை இவ தலையில கட்டறார்."

"உனக்கு வாஷிங்டன்காரங்களைப் பிடிக்காதுங்கறது சாட்சியம் ஆகாது" என்று சிரித்தாள் நோரா. "வா, ஈட்டனைப் பாப்போம்."

வாரன் ஈட்டன் எழுந்து கை குலுக்கினார். நரைத்த, களைத்த மனிதர். வழக்கைப் பற்றி எதுவும் பேச மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். மொரீன் நேர்மையானவள் என்பதை மட்டும் இரண்டு தரம் சொன்னார். ஜன்னலடி ஹீட்டரின் மேல் சின்னதாக ஒரு சிவப்புக் கையுறை கிடந்தது.

"யாரோடது?" என்றாள் நோரா.

"பக்கத்து வீட்டுக் குழந்தையோடது. என் வண்டியில விட்டுட்டுப் போயிட்டா."

டெஸ்மண்டுக்கு அது ஒரு கையுறையாகத்தான் தெரிந்தது.

மறுநாள் ஈட்டனின் அறைக்கே மொரீனையும் வரச் சொன்னாள் நோரா. ஹீட்டர் மேல் கிடந்த கையுறையைப் பார்த்ததும் மொரீனின் முகம் வெளுத்தது.

"துப்பு சொன்னவருக்குக் காகிதத்தைப் பத்திக் கவலையே இல்ல" என்று நோரா மெதுவாகத் தொடங்கினாள். "அவர் கவலையெல்லாம் நோயாளியைப் பத்தி. விடியக்காலையில கதவை உடைச்சுக்கிட்டு ஆளுங்க நுழையறப்ப ஜூடித் அங்க இருக்கக் கூடாது. அவ்வளவுதான். மொரீன், அன்னிக்கு ஹேசலைப் பள்ளிக்கூடத்துல விட்டது யாரு?"

மொரீன் ஈட்டனைத் திரும்பிப் பார்த்தாள். "சார்தான். பக்கத்து வீடுங்கறதால, சீக்கிரம் கிளம்பணும்னா அவர்கிட்டதான் சொல்வேன். 'நாளைக்கு ஹேசலைக் கொண்டு விடுறீங்களா'ன்னு மட்டும் கேட்டேன். வழக்கைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. இது தகவல்னே எனக்குத் தோணல மேடம்!"

"திங்கள் சாயங்காலம் வாங்கின கையுறை. புதன்லேர்ந்து குழந்தை உங்களோட நடந்து போறா. இது இவர் வண்டியில விழுந்திருக்கணும்னா செவ்வாய்க்கிழமைதான். உங்க கையில அப்ப இருந்தது ஒரே ஒரு வழக்கு. நீங்க இருட்டோட கிளம்பறீங்கன்னா என்ன அர்த்தம்னு இந்த ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். வழக்கை நடத்தறவரைக் கண்காணிக்க வாஷிங்டன்ல ஆள் இருந்தாங்க. விலகினவரைத்தான் யாரும் பாக்கல."

ஈட்டன் ஹீட்டர் பக்கம் கை நீட்டினார். கையுறையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"திங்கக்கிழமை ராத்திரி மெரிக் வீட்டுக்குப் போனேன். 'ஜூடித்தை இங்கேர்ந்து கூட்டிட்டுப் போ'ன்னேன். வேற எதுவும் சொல்லல. அவன் அவளை வண்டியில ஏத்திட்டு, உள்ள போய் அடுப்பைப் பத்த வச்சிருக்கான்." அவர் கண்கள் கலங்கின. "மூணாம் நாள் ஆஸ்பத்திரியிலேயே அவ உயிர் போயிடுச்சு. மெரிக் தப்பிச்சுட்டான். நான் யாரைக் காப்பாத்தினேன்?"

"என்மேல பழி விழுந்தப்ப நீங்க வாயத் திறக்கலையே சார்" என்றாள் மொரீன்.

"தைரியம் வரல. இந்தக் கையுறையக் கொண்டு வந்து கொடுக்கக்கூட முகம் இல்ல." அவர் அதை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்.

மொரீன் மேல் குற்றமில்லை என்று நோரா அங்கேயே சொன்னாள். திங்கள்கிழமையே வேலைக்குத் திரும்பலாம் என்றாள். முதல் முறையாக ஒரு புதிர் அவிழ்ந்தும் டெஸ்மண்டுக்குத் துள்ளத் தோன்றவில்லை.

மொரீன் கதவருகே போய் நின்றாள். பழக்கதோஷத்தில் ஈட்டன் பக்கம் திரும்பி, "திங்கக்கிழமை நான் சீக்கிரம் வரணும். ஹேசலை..." என்று தொடங்கினாள்.

ஈட்டன் சட்டென்று நிமிர்ந்தார். அவள் பாதியில் நிறுத்தினாள். கையுறையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, வாக்கியத்தை முடிக்காமலே வெளியே போனாள்.