எர்த் பட்டை

பேட்டரியின் நெகட்டிவ் முனையை வேறொரு கிளிப் ஏற்கெனவே கவ்விக்கொண்டிருந்தது.

பேனட்டைத் தூக்கிக் கம்பியால் முட்டுக் கொடுத்த கையோடு ராஜவேலு அதைப் பார்த்தான். கரண்ட் வருகிறதா என்று பார்க்கிற டெஸ்ட் லாம்பின் கிளிப். வேலை முடிந்ததும் எந்த எலெக்ட்ரீஷியனும் முதலில் பைக்குள் போடுகிற பொருள் அதுதான். அதிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் இன்ஜினை ஒட்டி இறங்கி, வேனுக்கு அடியில் இருட்டுக்குள் போயிருந்தது.

"எனக்கு முன்னாடி யார்னா இத்தப் பாத்தாங்களா சார்?"

"யாரும் பாக்கல." மதியழகன் பல்லைக் குத்தியபடி நின்றார். தோல் பதனிடும் ஷாப்பின் மேனேஜர் அவர். "வந்ததும் வராததுமா இன்னா கேள்வி? வண்டி கிளம்பணும். அத்தப் பாரு."

ஆம்பூரைத் தாண்டிப் பாலாற்றங்கரையில் இருந்தது அந்தத் தோல் ஷாப். ஞாயிற்றுக்கிழமை. தோலைப் புரட்டும் மர டிரம்கள் ஓடவில்லை; ஓடாத டிரம்களுக்குள்ளிருந்து தண்ணீர் சொட்டும் சத்தமும், சுண்ணாம்புக் குழிகளில் குமிழி வெடிக்கும் சத்தமும், தகரக் கூரை வெயில் தணிந்து முறுக்கிக்கொள்ளும் சத்தமும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. நாற்றம் அவனுக்குப் புதிதில்லை. அவன் அம்மா இப்படி ஒரு ஷெட்டில்தான் தோலில் சதை வழித்துக் கை வெந்து செத்தாள். ஆனால் இந்த வேனிலிருந்து வந்தது வேறு நாற்றம். காய்ச்சல்காரன் படுத்து எழுந்த பாயின் நாற்றம்.

அவனை உள்ளே விட்டதுமே மதியழகன் கேட்டைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். "வேன் வெளிய போச்சுன்னா நீயும் போலாம்" என்றார் சிரிக்காமல். பிறகு, கேட்காமலே ராஜவேலுவின் முன்கையைப் பிடித்துத் திருப்பி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். தோல் தரம் பிரிக்கிறவர்கள் கீறல் இருக்கிறதா என்று ஆட்டுத்தோலைத் தேய்ப்பார்களே, அதே மாதிரி.

"ஒரு தழும்பு இல்ல. கரண்ட் வேலைக்காரன் கையின்னே சொல்ல முடியாது."

"கைய வுடுங்க சார்."

"இன்னாபா, கூச்சமா?" என்று விட்டார்.

உப்புப் போட்ட பச்சைத்தோல் ஏற்றுகிற வேன். வருஷக்கணக்காக உப்புத் தண்ணீர் ஒழுகி, நின்ற இடமே வெள்ளைச் சேறாக இருந்தது. செருப்பு வழுக்கியது. ஊரே ஷூ தைத்துக் கப்பலில் ஏற்றுகிறது, அவன் காலில் ரப்பர் செருப்பு. கழற்றிச் சுவரோரம் விட்டான். அங்கே ஏற்கெனவே சில ஜோடிகள் கிடந்தன. வார்களில் உப்புப் பூத்திருந்தது.

"சாவி போடுங்க."

மதியழகன் டிரைவர் சீட்டில் ஏறிச் சாவியைத் திருப்பினார். ஹெட்லைட் பளிச்சென்று எரிந்தது. ஹாரன் அலறியது. இன்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டார் மட்டும் டக் என்று ஒரு சத்தத்தோடு நின்றது.

விளக்கெல்லாம் எரிந்து செல்ஃப் மட்டும் சுற்றவில்லை என்றால், தோல் வண்டிகளில் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். இன்ஜினிலிருந்து வண்டியின் இரும்புச் சட்டமான சேஸிஸுக்குப் போகிற எர்த் பட்டையை உப்பு தின்றிருக்கும். போன கரண்ட் திரும்பி வர வழி இருக்காது. மீட்டர் வைத்துப் பார்த்தான். அதுவேதான். தடித்த ஜம்பர் கேபிளை எடுத்துப் பேட்டரி நெகட்டிவையும் இன்ஜினையும் நேராக இணைத்தான். இப்போது சுற்றியே ஆக வேண்டும்.

"அடிங்க."

டக்.

கேபிளை மாற்றினான். கவ்வும் இடத்தைச் சுரண்டிப் பளபளப்பாக்கினான். டக். இருபது வருஷத்தில் இந்த வைத்தியம் பலிக்காமல் அவன் பார்த்ததில்லை. கேபிள் நழுவுகிறதோ என்று இன்ஜின்மேல் இடதுகையை ஊன்றிக்கொண்டு குனிந்தான்.

"இன்னொரு தபா."

செல்ஃப் உறுமி அரைச் சுற்று சுற்றியது.

உள்ளங்கையிலிருந்து பாதம் வரைக்கும் எதுவோ இறங்கிப் போனது. ஷாக் இல்லை. ஷாக் அவனுக்குத் தெரியும். இது ரத்தம் எடுக்கும்போது வருகிற மயக்கம் மாதிரி இருந்தது. நாக்கில் உப்புக் கரித்தது. கையை எடுத்தான். செல்ஃப் செத்தது.

பன்னிரண்டு வோல்ட்டுக்கு மனுஷ உடம்பு வழிவிடாது. ஒரு குண்டூசி பல்பைக்கூட அது எரிக்காது. அவனுக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் முதுகு சில்லிட்டது.

"கைய ஏன் எடுத்த?" என்றார் மதியழகன், சீட்டிலிருந்து.

"சார், வண்டில வேற இன்னாமோ கோளாறு. நாளைக்கு ஆள் கூட்டிட்டு வர்றேன்."

"போன தபா வந்தவனும் இதையேதான் சொன்னான். பாதில வுட்டுட்டு ஓடப் பாத்தான்."

"யாரும் பாக்கலன்னீங்களே."

மாலை வெயில் கூரையைவிட்டு இறங்கிக்கொண்டிருந்தது. அதன் கடைசித் துண்டு பேட்டரிமேல் விழுந்தபோதுதான் கிளிப்பின் நிறம் தெரிந்தது. அழுக்குக்குக் கீழே ரோஸ் நிறம். நகப்பூச்சு.

ஷெட்டில் டூல்ஸ் திருடு போகும் என்று தன் கிளிப் எல்லாவற்றுக்கும் பெண்டாட்டியின் நகப்பூச்சைத் தடவி வைக்கிறவன் ஒருத்தன்தான். அன்பரசன். தங்கச்சி சந்திராவின் வீட்டுக்காரன். ராஜவேலுவுக்குத் தொழில் தோஸ்த்தும்கூட. முந்தின வருஷம் ஆடியில் வேலைக்குப் போனவன் வீடு திரும்பவில்லை. எவளோடோ பெங்களூர் போய்ட்டான் என்று ஊர் பேசியது. சந்திரா நம்பவில்லை. நம்பாமலே இளைத்துப் போனாள். ராஜவேலு நம்பினான். நாலு பேருக்கு முன்னால் அவன் பேரைச் சொல்லிக் காறித் துப்பியும் இருக்கிறான்.

போனை எடுத்துக் கிளிப்பைப் படம் பிடித்து அவளுக்கு அனுப்பினான். 'இது மாப்ளதுதானே?' போனைச் சட்டைப்பையில் போட்டான்.

கேட் பூட்டியிருந்தது. சுவர் உயரம், மேலே கண்ணாடிச் சில்லு. ஒயர் அடியில் போயிருந்தது.

"வண்டிக்கு அடில பூந்து பாரு" என்றார் மதியழகன். "பட்டைய நீ இன்னும் பாக்கவே இல்ல."

போகக் கூடாது என்று உடம்பு முழுக்கச் சொன்னது. ஆனால் அந்த ஒயரின் மறுமுனையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சந்திராவின் முகத்தில் இனி எப்படி முழிப்பது?

முதுகைச் சேற்றில் கிடத்தி உள்ளே நகர்ந்தான். ஈரம் சட்டையைத் தாண்டித் தோலைத் தொட்டது. வெதுவெதுப்பான ஈரம். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டான். மேலே துரு, கிரீஸ், கொத்துக் கொத்தாக உப்பு. ஒயர் சேஸிஸை ஒட்டிப் போய் ஒரு போல்ட்டில் சுற்றி முடிந்திருந்தது. டெஸ்ட் லாம்ப் அங்கேயே தொங்கியது. பல்பு மங்கலாக எரிந்தது. அணைந்தது. எரிந்தது. மூச்சு வாங்குவது போல.

அந்த போல்ட்டிலிருந்து இன்ஜினுக்குப் போனது எர்த் பட்டை.

செம்புப் பின்னல் இல்லை. தோல். நன்றாகப் பதனிட்ட, மெல்லிய, அகலமான தோல் பட்டை. நடுவில் காய்ந்து வெடித்திருந்தது. ஆட்டுத்தோல் இல்லை. மாட்டுத்தோலும் இல்லை. மயிர்க்கண் அவ்வளவு பொடிசாக எதிலும் இருக்காது. மேலே படிந்த உப்புக்கு அடியில் பச்சையாக ஏதோ கோடு.

கட்டைவிரலால் துடைத்தான்.

'ச'.

இன்னும் துடைத்தான்.

'ந்தி'.

மிச்சத்தைத் துடைக்க வேண்டியிருக்கவில்லை. கல்யாணமான புதிதில் அன்பரசன் முன்கையில் பச்சை குத்திக்கொண்டு வந்து காட்டியபோது, எழுத்து கோணல் என்று கேலி செய்தவனே ராஜவேலுதான்.

டார்ச் வாயிலிருந்து விழுந்தது.

விரலை இழுத்தான். வரவில்லை. மறுகையை ஊன்றி இழுத்தான். மறுகையும் சேஸிஸில் ஒட்டியது. கத்தினான். சுண்ணாம்புக் குழிகள் குமிழி விட்டன.

வேனின் கதவு திறந்தது. மதியழகனின் ஷூ இரண்டும் சேற்றுக்கு அந்தப் பக்கம், உலர்ந்த பலகைமேல் வந்து நின்றன. தடித்த ரப்பர் அடி. அவர் குனியவில்லை.

"காப்பர் போட்டா ஒரு மாசம்கூட நிக்கிறதில்ல. உப்பு தின்னுடுது. இதுன்னா தாங்குது." பல்குத்தியைத் துப்பினார். "போன பீஸ்ல எழுத்து இருந்துச்சு. டிஃபெக்ட். இது கிளீன்."

"சார். சார், தங்கச்சி இருக்குது சார். மூணு புள்ளைங்க சார்."

"ஆடாத. தோலு வெடிச்சிடும்."

ஷூக்கள் நகர்ந்தன. கதவு சாத்திக்கொண்டது. சாவி.

செல்ஃப் சுற்றியது. தயங்காமல், ஒரே மூச்சில். இன்ஜின் பிடித்தது. இப்படி ஒரு சீரான சத்தத்தை அவன் எந்த வண்டியிலும் கேட்டதில்லை. பாதத்திலிருந்து கைக்கும் கையிலிருந்து பாதத்துக்கும் அது அவன் வழியாகவே ஓடியது. வலிக்கவில்லை. கத்த நினைத்தான். நாக்கு உப்பாகக் கிடந்தது.

சட்டைப்பைக்குள் போன் அடித்தது. துணி வழியே வெளிச்சம் தெரிந்தது. சந்திரா. அடித்து நின்றது. மறுபடி அடித்தது.

அந்த வெளிச்சத்தில் தன் கையைப் பார்த்தான். விரல் நுனியிலிருந்து மயிர் உதிர்ந்துகொண்டு வந்தது. அதன் பின்னாலேயே, மணிக்கட்டைத் தாண்டி, முழங்கையை நோக்கி, டிரம்மிலிருந்து அப்போதுதான் எடுத்த, குரோமில் பதனிட்ட தோலின் வெளிர்நீலம் ஏறிக்கொண்டிருந்தது. சுருக்கம் இல்லை. கீறல் இல்லை. மேலே பேனட் மெதுவாக மூடிக்கொண்டது.