பெட்டிக்கு ஏற்ற ஆம்ப்ளிஃபயர்

அந்த ஸ்பீக்கருக்கு எதற்கு இருநூறு வாட் என்பதுதான் வால்வு சாருக்குப் புரியவில்லை.

டீச்சர் வண்டியில் கொண்டுவந்து இறக்கிய பெட்டி ஒரு துணி அலமாரியின் உயரம் இருந்தது. அதில் ஒரே ஒரு ஸ்பீக்கர். எட்டு அங்குலம், பழுப்பேறிய காகிதக் கூம்பு, அதன் நடுவில் பூவுக்குள் பூவாக இன்னொரு சின்னக் கூம்பு. தாழ்ந்த குரல், உயர்ந்த குரல் எல்லாவற்றையும் அந்த ஒற்றைக் காகிதமே பாடிவிடும். காந்தம் பெரிது, காகிதம் மெலிது. ஒரு வாட் கொடுத்தாலே எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்துவார். இதற்குப் பொருத்தம் இரண்டு வாட், மிஞ்சினால் மூன்று வாட் வால்வு ஆம்ப்ளிஃபயர், பழைய ரேடியோவில் சிவந்து எரியும் கண்ணாடிக் குழல்கள் வைத்தது. நாற்பது வருஷமாக வால்வு சார் தன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து செய்வதும் அதைத்தான், பெயர் வந்ததும் அப்படித்தான். ஆனால் டீச்சரின் அப்பா, இதெல்லாம் நன்றாகத் தெரிந்த மனிதர், சாகும்வரை இதோடு இணைத்து வைத்திருந்தது இரண்டு ஆள் தூக்க வேண்டிய டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்.

"அதுல என்ன பாட்டு கேப்பாரு?" என்று கேட்டார்.

"பாட்டே கேக்க மாட்டாரு சார். சத்தம் பூஜ்யத்துல இருக்கும். ஆனா ராத்திரி பகல்னு ஓடிக்கிட்டே இருக்கும். யாராவது அணைச்சா அவ்வளவுதான்."

டீச்சர் லீவு நாளில் குழந்தைகள் இல்லம் ஒன்றில் பாடம் சொல்லிக் கொடுப்பவர். பிள்ளைகள் சாயங்காலம் பிரார்த்தனை பாடும்போது இசை போட இந்தப் பெட்டியை அங்கே கொடுத்துவிடலாம் என்று நினைத்தார். சின்னதாக ஓர் ஆம்ப்ளிஃபயர் பொருத்தித் தந்தால் போதும்.

"என்கிட்ட ஒண்ணு சும்மா கிடக்கு. பிள்ளைங்களுக்குத்தானே, எடுத்துக்கோங்க."

"இந்த வீட்ல எல்லாமே சும்மாதான் கிடக்கு டீச்சர், என்னையும் சேத்து!" என்று உள்ளறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது.

அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இருபது நாள் ஆகியிருந்தது. நெஞ்சில் சளி கட்டிப் பிழைத்து வந்தவள். தூக்கம்தான் மருந்து, பயப்படும்படி எதுவும் சொல்லாதீர்கள் என்று டாக்டர் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அம்மா போன பிறகு வால்வு சாரை வளர்த்தவள் அவள். தனக்கென்று குடும்பம் வைத்துக்கொள்ளாமல், டெலிபோன் ஆபீசில் ஆபரேட்டராக வேலை பார்த்து, அவருக்கு முதல் சால்டரிங் கருவி வாங்கிக் கொடுத்தவள். அவளுக்கு முன்னால் நான் போய்விடக் கூடாது, அவளும் இப்போது போய்விடக் கூடாது என்று தினமும் காலையில் கடவுளிடம் கணக்கில்லாமல் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

மதியம் அவள் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து தூங்கிப் போனாள். அவர் பெட்டியைத் திருப்பினார்.

பின்னால் இரண்டு முனைகளையும் தடித்த செம்புக் கம்பி ஒன்று சேர்த்துக் கட்டியிருந்தது. இது தொழிலில் வழக்கம்தான். முனைகளை இப்படி இணைத்துவிட்டால் கூம்பு இறுகிக்கொள்ளும், வண்டிக் குலுக்கலில் அடித்துக்கொள்ளாது. ஆனால் கம்பியைச் சும்மா முறுக்கி விடுவார்கள். இங்கே ஈயம் உருக்கி ஒட்டியிருந்தது. ஒரு தடவை அல்ல. பட்டாணி அளவு கட்டி, அதன் மேல் இன்னொன்று, அதற்கும் மேல் இன்னொன்று. அடியில் இருந்தவை மங்கிப்போன சாம்பல் நிறம், மேலே இருந்தது இன்னும் பளபளத்தது. ஒரு மனிதர் வருஷக்கணக்காகத் திரும்பத் திரும்ப வந்து பூட்டைச் சரிபார்த்தது போல இருந்தது.

அப்போதுதான் அந்த இருநூறு வாட்டும் அவருக்கு வேறு மாதிரி தெரிந்தது. பெரிய டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரின் பிடி இறுக்கமானது. பாட்டே போடாவிட்டாலும், ஓடிக்கொண்டிருக்கும்வரை கூம்பை அசையவிடாமல் கையில் வைத்திருக்கும். கரண்ட் போகும்போதெல்லாம் அதைக் கழற்றிவிட்டு இந்தக் கம்பியை ஒட்டியிருக்கிறார். பாட்டுக்காக இல்லை. பிடித்து வைப்பதற்காக.

'வயசானவர், என்னமோ பயம்' என்று எண்ணிக்கொண்டு அவர் ஈயத்தை உருக்கிக் கம்பியை எடுத்தார்.

வால்வு ஆம்ப்ளிஃபயரின் பிடி தளர்வானது. இத்தகைய ஸ்பீக்கர்களுக்கு அதுதான் நல்லது, அவற்றை அவற்றின் போக்கில் விட வேண்டும். இணைத்தார், வால்வுகள் சிவந்து சூடேறக் காத்திருந்தார், ஒரு பழைய பாட்டைத் தாழ்வாக வைத்தார். பாடியவர் பெட்டிக்குள் இல்லை, அறைக்குள் இருந்தார். உதடு பிரியும் ஈரம் கேட்டது. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. பிள்ளைகள் இதைக் கேட்டால் எப்படி வாய்பிளப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே பாட்டை நிறுத்தினார். அடுத்த வேலை இரைச்சல் பார்ப்பது. இவ்வளவு கூர்மையான ஸ்பீக்கரில் ஆம்ப்ளிஃபயரின் சின்ன ரீங்காரம்கூடக் கொசு மாதிரி கேட்கும். மின்விசிறியை அணைத்தார். ஈயப் புகையும் சூடான தூசியும் கலந்த வாசனை அப்படியே நின்றது. தெருவில் யாரோ சைக்கிளை நிறுத்தும் ஓசை, பிறகு அதுவும் இல்லை. கூம்பின் பக்கத்தில் காதை வைத்தார்.

ரீங்காரம் இல்லை. காதுமடலில் காற்று பட்டது.

பட்டது, நின்றது, மறுபடி பட்டது.

தள்ளி உட்கார்ந்து பார்த்தார். கூம்பு முன்னால் வந்தது, பின்னால் போனது. நிதானமாக, அரை அங்குலம். ஆம்ப்ளிஃபயரில் ஏதோ கோளாறு என்று ஒயரைக் கழற்றினார். இரண்டு முனைகளும் வெறுமையாக இருந்தன. கூம்பு முன்னால் வந்தது, பின்னால் போனது. ஜன்னலைச் சாத்தினார். முன்னால், பின்னால். காகிதத்துக்குள்ளிருந்து ஒவ்வொரு தடவையும் மெல்லிய ஒரு கீச்சு, நூல் இழுபடுவது போல. எங்கேயோ கேட்ட கீச்சு.

உள்ளறையில் அக்காவின் நெஞ்சு அதே நேரத்தில் கீச்சிட்டது.

முதலில் அவருக்குச் சந்தோஷம்தான் வந்தது. என்ன ஸ்பீக்கர்! அடுத்த அறையில் தூங்குகிறவளின் மூச்சுக்குக்கூட அசைகிறதே! கதவோரம் நின்று இரண்டையும் பார்த்தார். கூம்பு, போர்வை. கூம்பு, போர்வை. பார்க்கப் பார்க்கச் சந்தோஷம் வடிந்தது.

கூம்பு முந்திக்கொண்டிருந்தது.

ஒரு நொடியில் பாதி இருக்கும். கூம்பு எழுந்த பிறகுதான் போர்வை எழுந்தது. கூம்பு ஒரு தடவை சட்டென்று உதறியது, அதன் பிறகு அக்கா இருமினாள்.

அவர் ஓடி வந்து செம்புக் கம்பியை எடுத்து இரண்டு முனைகளிலும் வைத்து அழுத்தினார். கூம்பு இறுகி நின்றது.

வீடும் நின்றது. உள்ளே கீச்சு இல்லை. எதுவும் இல்லை. மூன்று எண்ணினார், நான்கு எண்ணினார். கம்பி கையிலிருந்து விழுந்தது. கூம்பு துள்ளி எழுந்தது, உள்ளறையில் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கியவள் போல அக்கா மூச்சை இழுத்தாள்.

டீச்சருக்குப் போன் செய்தார். "உங்க அம்மா எப்படிப் போனாங்க?"

"தூக்கத்துல சார். ஏன்? அந்தப் பெட்டி வந்து மூணாவது நாள். அப்பா பாட்டு கேட்டு முடிச்சிட்டு, கூம்பு ஆடாம இருக்கணும்னு பின்னாடி கம்பியை முறுக்கி வச்சிட்டுப் போய்ப் படுத்தாராம். காலைல பார்த்தா அம்மா இல்ல. அன்னைலேர்ந்து அந்தக் கம்பியை யாரையும் தொடவிட்டதில்ல. வேற யாரையும் அது எடுத்துக்கக் கூடாதுன்னு சொல்லுவாரு. நாங்க துக்கத்துல பேசுறாருன்னு விட்டுட்டோம்... சார்? சார், பெட்டி சரியாப் பாடுதா?"

போனை வைத்தார். ஒருவர் மூச்சைப் பெட்டி எடுத்துக்கொள்வதற்கு முன்னால் கட்டினால் அது காவல். எடுத்துக்கொண்ட பிறகு கட்டினால்?

கூம்பின் அசைவு குறைந்திருந்தது. அரை அங்குலம் கால் அங்குலமாகியிருந்தது. தள்ளிவிட்ட ஊஞ்சல் ஓய்வது போல ஓய்ந்துகொண்டிருந்தது. உள்ளே கீச்சும் மெலிந்தது.

கூம்பை ஏதாவது வைத்து அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். எதை வைத்து? வால்வு ஆம்ப்ளிஃபயர் இவ்வளவு மெதுவான அசைவைக் கடத்தாது. பெரிய டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் கடத்தும், ஆனால் இணைத்த கணமே இறுக்கிப் பிடித்துவிடும். நாற்பது வருஷம் பொருத்தம் பார்த்தவரிடம் இதற்குப் பொருத்தமான ஒன்று இல்லை. மேஜையைத் துழாவினார். டார்ச் உருண்டது. அதிலிருந்து ஒரு பேட்டரியை உருவினார். எந்த முனை எது என்று பார்க்கத் தொழில்காரர்கள் எல்லோரும் செய்வதுதான், பேட்டரியைத் தொட்டால் கூம்பு முன்னால் தள்ளும், எடுத்தால் திரும்பும்.

இரண்டு ஒயர்த் துண்டுகள். தொட்டார். கூம்பு வந்தது. உள்ளே போர்வை எழுந்தது.

எடுத்தார். போனது.

தொட்டார். எடுத்தார். கடவுளே. தொட்டார். எடுத்தார்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. வெயில் தரையிலிருந்து சுவருக்கு ஏறியது. முழங்கால் மரத்தது. தூக்கத்தில் அக்காவின் கீச்சே போய்விட்டது, அவர் கொடுத்த அளவான மூச்சில் அவள் குழந்தை போலத் தூங்கினாள். எழுந்து வந்தபோது முகத்தில் பல மாதம் இல்லாத நிறம் இருந்தது.

"இன்னைக்குத்தாண்டா மனுஷி மாதிரி தூங்கினேன்! என்னடா பண்ற, பூச்சிக்குத் தாளம் போடுற மாதிரி?"

"டெஸ்ட்டுக்கா." பயமுறுத்தக் கூடாது. அது ஒன்றுதான் மனதில் இருந்தது. "நடுவுல நிறுத்தக் கூடாது."

"சாப்பிட்டியா?"

தொட்டார். எடுத்தார்.

"மூஞ்சியைப் பாத்தா தெரியுது." அவள் ரொட்டியைப் பாலில் தோய்த்து எடுத்து வந்து, சிரமப்பட்டுத் தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு கைகளும் வேலையாக இருக்கிற தம்பிக்கு ஊட்டிவிட்டாள். "வாயைத் திற. அம்பத்தெட்டு வயசு, தலைல முடி இல்ல, இன்னும் ஊட்டணும்." அவர் விழுங்கினார். அழுகையையும் சேர்த்து விழுங்கினார். இவ்வளவு அன்பு இருக்கும் அறையில் கெட்டது எதுவும் நடக்காது என்று ஒரு கணம் உண்மையாகவே நம்பினார்.

அப்போது கை இழுத்துக்கொண்டது. விரல்கள் முறுக்கின. பேட்டரி நழுவப் பார்த்தது.

"கொடு இங்க. கையை உதறிட்டு முகம் கழுவிட்டு வா."

"வேண்டாம்க்கா."

"ஏன், எனக்குத் தெரியாதா? முப்பத்தஞ்சு வருஷம் ஒயரைச் சொருகி எடுத்தவ நான்." அவள் அவர் விரல்களைப் பிரித்துப் பேட்டரியை வாங்கிக்கொண்டாள். தொட்டாள். எடுத்தாள். தொட்டாள். எடுத்தாள். கொஞ்சமும் பிசகவில்லை.

அவளுடைய மூச்சு, அவளுடைய கை. இதைவிடப் பத்திரமான இடம் எது? அவர் சுவரில் சாய்ந்தார். சொல்லிவிட வேண்டும், இப்போதே, மெதுவாக. மதியமே சொல்லியிருக்க வேண்டும்.

"அக்கா, அதை மட்டும் நீ..."

"அட, தொட்டா முன்னாடி வருது பாரேன்," என்று அவள் சிரித்துக்கொண்டே அவர் பக்கம் திரும்பினாள். "இப்படியே அழுத்திப் பிடிச்சா?"

அழுத்தினாள்.

கூம்பு முன்னால் வந்து நின்றது. அக்காவின் நெஞ்சு உயர்ந்து நின்றது. சிரிப்பும் நின்றது, பல் தெரிய, பதிலுக்குக் காத்திருக்கும் கண்களோடு.

அவர் பாய்ந்து அவள் கையைப் பற்றினார். விரல்கள் இறுகியிருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்தார். பேட்டரி உருண்டு மேஜைக்கு அடியில் போனது. ஒயர்களைப் பிய்த்தார். இப்போது அந்த முனைகளில் எதுவும் இல்லை.

கூம்பு திரும்பவில்லை. எதுவும் தொடாமல், எதுவும் பிடிக்காமல், காகிதம் கிழியும் அளவுக்கு முன்னால் புடைத்தபடி நின்றது. அக்கா அவரையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.