பன்னிரண்டாவது பேனா

ஹெட்டியின் அம்மா, மீன் வறுவல் கடைக்காரர் ஆக்ராய்டுக்குக் கொடுக்க வேண்டியது சரியாக ஐந்நூறு பவுண்டு.

ஊர் நீச்சல் குளத்தை மூடப்போகிறார்கள் என்றதும் அம்மா நாலு பேரைச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கினாள். மூவாயிரம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தாள். பதிலே இல்லை. கோபத்தில் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் தானே நின்றுவிட்டாள். பஸ் ஓட்டுகிற சம்பளத்தில் டெபாசிட் கட்ட முடியுமா? அதற்குத்தான் அந்தக் கடன்.

விழுகிற ஓட்டில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டினால் டெபாசிட் திரும்பி வரும். இல்லையென்றால் கடன் தீரும்வரை அம்மா ஞாயிற்றுக்கிழமையும் பஸ் ஓட்ட வேண்டும். ஞாயிறுதான் அவர்கள் இருவரும் சேர்ந்து நீந்துகிற நாள்.

தேர்தலன்று ஹெட்டியின் பள்ளிக்கூடம் ஓட்டுச்சாவடியாகிவிட்டது. லீவு. வறுவல் வாங்கப் போனாள்.

ஆக்ராய்ட் அவள் தந்த நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். யார் தந்தாலும் அப்படித்தான்.

"ஓட்டுப் போட்டாச்சா, மிஸ்டர் ஆக்ராய்ட்?"

"முப்பது வருஷமா போடறதில்ல கண்ணு. ஓட்டுச்சீட்டுல குறி போட அங்க பேனா வைக்காம ஏன் பென்சிலக் கயித்துல கட்டி வச்சிருக்கான்? அப்புறமா அழிக்கத்தான்!"

"அதானே!" என்றார் வரிசையில் நின்ற பெயிண்டர். "எங்க தெருவுல பாதிப் பேரு போகல."

"அப்ப உங்க ஐந்நூறு பவுண்டு?" என்றாள் ஹெட்டி.

"அதுக்குக் கடன் சீட்டு இருக்கு. ஜெயிச்சாலும் தோத்தாலும் உங்கம்மா கட்டியாகணும்."

ஹெட்டி வறுவலை அப்படியே சுருட்டிக்கொண்டாள். நேராகப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். வாசலில் நின்ற அதிகாரி அம்மாளிடம், "பென்சில்லதான் போடணுமா?" என்று கேட்டாள்.

"யாரு சொன்னா? சொந்தப் பேனா கொண்டு வந்தாலும் சரிதான்."

வீட்டில் பையைக் கவிழ்த்தாள். பன்னிரண்டு பேனா. அள்ளிக்கொண்டு கடைக்கே திரும்பினாள்.

"சொந்தப் பேனாவுல போடலாமாம்! ஓட்டு யாருக்குன்னு கேக்க மாட்டேன். பேனாவ மட்டும் திருப்பிக் குடுத்துடுங்க."

பெயிண்டர் ஒன்றை எடுத்தார். வந்தவர் போனவர் எல்லோரும் எடுத்தார்கள். கடைசியில் மிஞ்சியது வாத்துத் தலை வைத்த மஞ்சள் பேனா. அதை ஆக்ராய்டிடம் நீட்டினாள்.

"இது அழியற மையா இருந்தா?"

"அழிச்சுப் பாருங்க."

வறுவல் தாளில் ஒரு கோடு இழுத்தார். எச்சில் தொட்டுத் தேய்த்தார். வினிகர் ஊற்றித் தேய்த்தார். தாள்தான் கிழிந்தது.

"ம்ம்," என்றார். பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் பதினோரு பேனா திரும்பி வந்துவிட்டது. வாத்தை மட்டும் காணோம். நாலு மணிக்குக் கடை பத்து நிமிடம் பூட்டியிருந்ததாம். எங்கே போயிருப்பார்? ஓட்டுப் போடவா, உருளைக்கிழங்கு வாங்கவா? ஹெட்டிக்குச் சந்தேகமாகவே இருந்தது.

மறுநாள் முடிவு வந்தது. அம்மாவுக்கு ஐந்தாவது இடம். ஆனால் இருபதில் ஒரு பங்கைத் தாண்டி ஒன்பது ஓட்டு!

டெபாசிட் வந்ததும் அம்மாவும் மகளும் கடைக்குப் போனார்கள்.

"ஜெயிச்சவரு குளத்தப் பத்திப் பேசக் கூப்பிட்டிருக்காரு," என்றாள் அம்மா.

"பேச்சு வேணாம். எழுதி வாங்கு."

ஆக்ராய்ட் ஒவ்வொரு நோட்டாக வெளிச்சத்தில் பிடித்தார். மூன்று தடவை எண்ணினார். பிறகு கல்லாவிலிருந்து கடன் சீட்டை எடுத்தார். கூடவே வாத்துப் பேனாவையும்! சீட்டின் குறுக்கே 'தீர்ந்தது' என்று எழுதி அம்மாவிடம் கொடுத்தார்.

"அப்ப நீங்க யாருக்குப்..."

"கேக்க மாட்டேன்னு சொன்னது யாரு?" பேனாவை ஹெட்டியிடம் நீட்டினார். "சரி பாத்துக்கோ. அப்புறம் வந்து நிக்கக் கூடாது."

ஹெட்டி வாத்தை வெளிச்சத்தில் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"சரியா இருக்கு, மிஸ்டர் ஆக்ராய்ட்."