சுரங்கத்தில் குரல் கொடுத்தவர்

நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் இருந்த பழைய சுரங்கத்துக்கு நாகலெட்சுமி வந்து சேர்ந்தபோது ஆட்கள் மண்வெட்டியோடு கூடிவிட்டார்கள். பட்டப்பகலிலும் பனிமூட்டம் இறங்கியிருந்தது. அடைப்பை உடைத்து, உள்ளே ஊறும் தண்ணீரை லயத்துக்குக் கொண்டுவரும் சிரமதானம். ஆள் வராத வீட்டுக்குப் பைப் கிடையாது.

அவள் புருசன் அழகுமுத்து வரவில்லை. டிக்கோயாவுக்கு மருந்தெடுக்கப் போனவன் இன்னும் திரும்பவில்லை. கைக்குழந்தையோடு ஓடைக்கு ஏறி இறங்கி அவளுக்கு இடுப்பே விட்டுப்போயிருந்தது.

அணை கட்டுமுன், மலை தாங்குமா என்று பார்க்க அந்தக் காலத்தில் அரசாங்கம் குடைந்த சுரங்கம் அது. புருசனின் தாத்தாவும் அழகுமுத்துதான். அவர் பெயரைத்தான் பேரனுக்கு வைத்தார்கள். குடையப் போனவர் மண் சரிந்து உள்ளேயே புதைந்துபோனார். பாறை சரியில்லையென்று துரைமார் சுரங்க வாயை அடைத்துவிட்டு வேறு மலைக்குப் போனார்கள். குடியுரிமை இல்லாத கூலி செத்தால் யார் கணக்கில் வைப்பது? அணை வந்தது, கரண்டு கொழும்புக்குப் போனது, லயத்தில் குப்பி விளக்கு எரிந்தது. நினைத்தாலே நாகலெட்சுமிக்கு வயிறு எரியும்.

அடைப்பில் ஓட்டை விழுந்தது. ஈரமண்ணும் துருவும் நாறின. பக்கத்து வீட்டுச் சுமனும் இன்னும் சிலரும் உள்ளே நுழைந்தார்கள்.

இராமையா கங்காணி தோட்டத்து வழக்கப்படி பெரட்டுக் கூப்பிட்டார். பெயர் சொன்னால் குரல் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆள் வரவில்லை என்று அர்த்தம்.

"அழகுமுத்து!"

"உள்ள இருக்காருங்க," என்று நாகலெட்சுமி துணிந்து பொய் சொன்னாள்.

கங்காணி ஓட்டைப் பக்கம் திரும்பினார். "அழகுமுத்து!"

"இருக்கேங்க."

கட்டைக் குரல். யாரோ புண்ணியவான் புருசனுக்காகக் குரல் கொடுத்துவிட்டான் என்று அவளுக்குக் கண் கலங்கியது.

உள்ளே போனவர்கள் அவசரமாக வெளியே வந்தார்கள்.

"நீங்களாண்ணே குரல் குடுத்தீங்க?" என்று சுமனிடம் கிசுகிசுத்தாள்.

அவன் ஓட்டையைத் திரும்பிப் பார்த்தான். "எங்களுக்குப் பின்னாலேருந்து வந்துச்சு தங்கச்சி. அங்க சரிஞ்ச மண்ணுதான் கெடக்கு."

அழகுமுத்து வந்ததாகவே கணக்கில் ஏறியது. பைப் கிடைத்தது.

முதல்முதல் தண்ணீர் திறந்துவிட்ட காலையில், கங்காணி ரோட்டிலிருந்து கூப்பிட்டார்.

"அழகுமுத்து! எந்திரிச்சிட்டியா?"

பைப்படியில் அவள் பக்கத்தில் நின்ற புருசன் வாயைத் திறந்தான்.

அவன் பேசுமுன் பைப் இருமியது. உள்ளிருந்து அதே கட்டைக் குரல்.

"இருக்கேங்க."

"மூடு புள்ள," என்றான் புருசன்.

வீட்டுக்குள்ளே பிள்ளை பசியில் வீரிட்டது.

"பால்மா கரைக்கணுங்க," என்று சொல்லி, அழுதுகொண்டே வாளியை வைத்தாள்.

மார்கழிக் குளிரில் மலைத் தண்ணீர் விரலை வெட்டும். தொட்டுப் பார்த்தாள்.

உடம்புச் சூட்டில் இருந்தது.